மைனஸ் 196-லும் ஊரு வேற, சேரி வேற

குழந்தையின்மை என்பது பணக்கார வீட்டு நோய் என்று நம் தோழர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கருவை உறைய வைப்பது, உருக்கி எடுத்துக் கருப்பைக்குள் வைப்பது என்று பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். ‘மனைப்பட்டா இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல ஐஸ்ல வெச்ச புள்ளயா நமக்குப் பிரச்சினை?’ என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள். அவர்களுக்கான பதில்தான் இது. அவர்கள் மட்டும் படித்தால் போதாது, வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

பிள்ளை இல்லாதவளை நம் தெரு எப்படி நடத்துகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். பிறந்த குழந்தையைத் தூக்கப் போனால் தாய்க்காரி சட்டென்று வாங்கிக்கொள்வாள். புருசனுக்கு ரெண்டாந்தாரம் பேசுவதற்கு அண்ணிமார்களே கிளம்பி வருவார்கள். ஊர்த்தெருக்காரன் சாதியைச் சொல்லித் திட்டினா வழக்குப் போட ஒரு சட்டம் இருக்கு. காலனிக்குள்ள ஒருத்திய மலடின்னு சொன்னா எந்தச் சட்டத்துல வழக்குப் போடறது? இந்தச் சொல்லால் மருந்து குடித்தவர்கள், கயிற்றில் தொங்கியவர்கள் நம் தெருக்களில் இல்லையா? அவர்கள் எந்த மேட்டுக்குடியைச் சேர்ந்தவர்கள்?

அடுத்து, இது யாருடைய நோய் என்று பார்ப்போம். உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் முறை எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது? கருக்குழாய் அடைபட்ட பெண்ணுக்காக. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. நம் நாட்டில் கருக்குழாய் எதனால் அடைபடுகிறது? கருப்பைக்கும் குழாய்க்கும் பரவுகிற காசநோய் ஒரு முக்கியக் காரணம். பிரசவத்திலும் கருக்கலைப்பிலும் சுத்தமில்லாத கை பட்டு வருகிற தொற்று இன்னொரு காரணம். காசநோய் எந்தத் தெருவுல குடியிருக்குதுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? ஆறு பேர் படுக்கிற ஒத்தை அறை, சன்னல் இல்லாத தொகுப்பு வீடு, பத்தாத சோறு. அது எங்கே வளரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆக, இந்த மருத்துவம் எந்த நோய்க்காகப் பிறந்ததோ அந்த நோய் நம் தெருவில் இருக்கிறது. மருத்துவம் மட்டும் வேறு தெருவில் இருக்கிறது.

கருவை உறைய வைப்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிர வைக்கிறார்கள். மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். விந்தோடு சேர்த்து மூன்று நாளோ ஐந்து நாளோ வளர்க்கிறார்கள். ஐந்தாம் நாள் கருவில் நூறு சொச்சம் செல்கள் இருக்கும். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தாலே அதிகம். ஒன்றை உள்ளே வைத்துவிட்டு மிச்சத்தை உறைய வைக்கிறார்கள். செல்லுக்குள் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியானால் அதன் முனைகள் செல்லைக் கிழித்துவிடும். அதனால் தண்ணீரை வெளியே இழுத்து, உறைகாப்புத் திரவத்தை உள்ளே ஏற்றி, ஒரு நொடியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் இறக்குகிறார்கள். பனிக்கட்டி ஆக நேரமே இல்லாமல் அது கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. வேண்டும்போது 37 டிகிரி கரைசலில் போட்டுச் சட்டென்று சூடாக்கி, சர்க்கரைக் கரைசல்களில் படிப்படியாக மாற்றி, காப்புத் திரவத்தைக் கழுவி எடுத்தால் கரு மறுபடி விழித்துக்கொள்கிறது. இப்போதைய முறையில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்து எழுகின்றன. எழுந்ததெல்லாம் கருப்பையில் தங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பெண் மறுபடியும் அத்தனை ஊசியும் மயக்க மருந்தும் பட வேண்டியதில்லை. அவள் உடம்புக்கு இது பெரிய விடுதலை. இதை நான் மறுக்கவில்லை. அந்த விடுதலையின் விலைப்பட்டியலைத்தான் கேட்கிறேன்.

எனக்குப் பதினாலு வயசுல டி.பி. வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், பிழைத்தேன். கல்யாணமாகி நான்கு வருசம் கழித்து, சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்தபோது ரெண்டு குழாயும் அடைப்பு என்று தெரிந்தது. நானும் என் துணைவரும் சங்கத்தில் கடன் வாங்கி, என் அத்தை தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து, ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். மூன்று கரு வந்தது. ஒன்று வைத்தார்கள், தங்கவில்லை. ரெண்டு பனியில் இருக்கின்றன. இதற்கு வருசா வருசம் பணம் கட்ட வேண்டும். சிகிச்சைக் கட்டணம் வேறு, இந்தக் குளிர் வாடகை வேறு. கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படிவம் பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீசு. தமிழ் எம்.ஏ. படித்த நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அக்கா செங்கல் சூளையிலிருந்து வந்தவர். அவர் எதைப் படித்தார்? 2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கருவை உறைய வைக்கக் கூடாது என்கிறது. புரியாத மொழியில் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்?

அந்தச் சட்டம் ஒரு கருவைப் பத்து வருசம் வரைக்கும் வைத்திருக்கலாம் என்கிறது. அதற்குப் பிறகு அழிய விட வேண்டும், அல்லது பெற்றோரின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். நல்லது. ஆனால் பத்து வருசம் என்பது யாருக்கு? மாசச் சம்பளக்காரிக்கு அது பத்து வருசம். வேலையில் உயர்வு வரட்டும், வீடு கட்டி முடியட்டும் என்று அவள் காத்திருக்கலாம். கூலிக்காரிக்கு அது அடுத்த வாடகைத் தேதி வரைக்கும்தான். சட்டம் எல்லாருக்கும் ஒரே காலத்தைக் கொடுத்தது. மையம் அதை வருசக் கணக்கில் கூறு போட்டு விற்கிறது. காலங்காலமாக, ‘பொறு, அடுத்த வருசம் பாப்போம்’ என்று நம்மைக் காக்க வைத்தே பழகிய சமூகம், காத்திருப்பதற்கும் இப்போது கட்டணம் வாங்குகிறது.

காசு விசயம் இப்படி என்றால் சாதி விசயத்தைக் கேளுங்கள். முதல் கரு தங்காதபோது மையத்து ஆலோசகர் அம்மா என்னிடம் தானமுட்டை பற்றிப் பேசினார். ‘கவலப்படாதீங்க மேடம், உங்க கம்யூனிட்டிலயே பாத்துக் கொடுக்கச் சொல்றோம்’ என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்காமலே சொல்கிறார் என்றால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! ‘எங்க கம்யூனிட்டி வேணாம்னு சொல்லித்தான் எல்லாரும் கேப்பாங்க, இல்லீங்களா?’ என்றேன். அந்தம்மா என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பதிவு அட்டையிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதன் பிறகு பேச்சு மாத்திரைக்குப் போய்விட்டது.

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி எது என்று காட்டினார். அகமணம்தான் சாதி. அதைக் காப்பாற்றத்தான் சதி, கட்டாய விதவைக் கோலம், பால்ய மணம் எல்லாம் வந்தன என்றார். சாதி என்பது பெண்ணின் கருப்பைக்குப் போட்ட வேலி என்பதுதான் அதன் பொருள். பெரியார் 1940-களிலேயே ‘இனிவரும் உலகம்’ என்று எழுதி, ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை உண்டாகும் காலம் வரும் என்று முன்கூட்டியே பார்த்தவர். அந்தக் காலம் வந்துவிட்டது. முட்டை ஒருத்தியுடையது, விந்து வேறொருவனுடையது, வளர்ந்தது கண்ணாடித் தட்டில், தூங்கியது நைட்ரஜன் பீப்பாயில். மணமும் இல்லை, படுக்கையும் இல்லை. இனி அகமணத்துக்கு என்ன வேலை என்று நாம் நினைத்தால், அது செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே கொடையாளியின் தோல் நிறத்தையும் கண் நிறத்தையும் பதிவு செய்யச் சொன்னவை. நோய் இருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவம். நிறம் பார்ப்பது பெண் பார்க்கும் படலம். அணுவுக்குச் சாதி இல்லை என்று தெரிந்த மருத்துவர்கள்தான் இந்தக் கடையை நடத்துகிறார்கள்.

சாதி பார்த்து முட்டை கேட்கிறார்களே, அந்த முட்டைகளைக் கொடுப்பது யார்? வாடகை பாக்கிக்காரி, கந்துவட்டிக்காரனுக்குப் பயந்தவள், புருசன் விட்டுப் போனவள். 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். பதினாறு வயதுச் சிறுமி. பெற்ற தாயும் தாயோடு வாழ்ந்த ஆளும் சேர்ந்து, ஆதார் அட்டையில் வயதை மாற்றி, பல தடவை அந்தப் பிள்ளையின் முட்டைகளை விற்றார்கள். வாங்கியவை ஒன்றுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள். தமிழ்நாட்டில் மட்டுமில்லை, அடுத்த மாநிலங்களிலும் வாங்கினார்கள். ஒருத்தி வாழ்நாளில் ஒரே தடவைதான் முட்டை கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, வயது 23-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும், விற்பதே குற்றம் என்கிறது 2021 சட்டம். சட்டம் வந்த மறுவருசம்தான் ஈரோடு வெடித்தது. ஊசி அதிகமானால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், ரத்தம் கட்டும், சில பேருக்கு உயிரே போகும். அந்த வலி ஒரு உடம்பில், பிள்ளை இன்னொரு வீட்டில். நடுவில் பனி. உறைய வைத்த பிறகு அந்த முட்டையும் கருவும் எந்த உடம்பிலிருந்து, எந்தக் கடனுக்காக வந்தன என்று யாருக்கும் நினைவில் இருக்காது.

‘சனத்தொகை பெருகிப் போச்சு, இதுல உங்களுக்கு வேற புள்ள வேணுமா?’ என்று கேட்கிற நல்லவர்களும் உண்டு. இந்த அரசுக்கு நம் கருப்பையைப் பற்றி அக்கறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நிறைய அக்கறை உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கு.க. அறுவை செய்தார்கள். அந்த வாரத்து முகாம்களில் 13 பெண்கள் செத்தார்கள். தலித்துகள், ஆதிவாசிகள், பிற்பட்ட சாதி ஏழைகள். 2016-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மூன்று ஆண்டுக்குள் இந்த முகாம்களை நிறுத்தச் சொன்னது. கருத்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1938-ல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சிதான். அவர் கேட்டது பெண்ணின் உரிமையை. இவர்கள் கொடுத்தது வேனும் இலக்கும். கருப்பையை அடைக்க அரசு நம் வாசலுக்கே வண்டி அனுப்பும். அடைபட்டதைத் திறக்க நாம்தான் நகை அடகு வைத்துப் பட்டணம் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போனபோது இந்த அநியாயம் பட்டவர்த்தனமானது. நாகப்பட்டினக் கரையில் இருந்த பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, கு.க. செய்த வயிற்றோடு நின்றார்கள் தாய்மார்கள். அப்போது தமிழக அரசே குழாயை மறுபடி இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்ய முன்வந்தது. ஆக, ஏழைப் பெண்ணின் கருப்பையைத் திறந்துவிடுவதும் தன் பொறுப்புதான் என்று அரசு ஒரு தடவை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு ஆழிப்பேரலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

‘அரசுகிட்ட அவ்வளவு காசு ஏது, இது பெரிய தொழில்நுட்பமாச்சே’ என்பது அடுத்த வாதம். எங்க ஊரு கால்நடை மருந்தகத்துக்கு வந்து பாருங்க. அங்க ஒரு மூலையில அலுமினிய டப்பா நிக்கும். மூடியத் திறந்தா புகை கெளம்பும். அது திரவ நைட்ரஜன். அதே மைனஸ் 196 டிகிரி. அதுக்குள்ள காளை விந்து குச்சி குச்சியா உறைஞ்சு கெடக்கும். எங்கம்மா லோன்ல வாங்கின ஜெர்சி மாடு கத்துச்சுன்னா டாக்டர் பைக்குல வருவார். ஒரு குச்சிய எடுத்து 37 டிகிரி வெந்நீர்ல அர நிமிசம் போட்டு உருக்கி, சினை ஊசி போட்டுட்டுப் போவார். ஊட்டியில், ஈச்சங்கோட்டையில் என்று அரசே உறைவிந்து நிலையங்கள் வைத்திருக்கிறது. கருவை உறைய வைப்பது விந்தை உறைய வைப்பதைவிட நுணுக்கமான வேலை, தேர்ந்த ஆட்கள் வேண்டும். தெரியும். ஆனால் கிராமம் கிராமமாக நைட்ரஜன் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த அரசுக்கு, மாவட்டத்துக்கு ஒரு பீப்பாய் வைக்கத் தெரியாதா? மாட்டின் கருப்பை பால் சுரக்கும், வரவு. சேரிக்காரியின் கருப்பை செலவு. இதுதான் கணக்கு.

இன்னொன்றும் கேளுங்கள். கருவை உறைய வைத்து உருக்கிப் பிறந்த முதல் குழந்தை என்று உலகம் எழுதி வைத்திருப்பது 1984-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஸோயியை. ஆனால் 1978 அக்டோபர் 3-லேயே கல்கத்தாவில் துர்கா பிறந்துவிட்டாள். அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுபாஷ் முகோபாத்யாய், தன் குறிப்புகளின்படி, கருவை 53 நாள் உறைய வைத்து, உருக்கி, தாய்க்குள் வைத்தார். கையில் இருந்த சாதாரணக் கருவிகளை வைத்துத்தான் செய்தார். மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, 1997-ல் அவர்தான் முதலில் செய்தவர் என்று அறிவித்தவர் விஞ்ஞானி ஆனந்தகுமார். அந்த ஆனந்தகுமாரும் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும் சேர்ந்து உண்டாக்கிய ஹர்ஷா 1986-ல் பிறந்தது பம்பாய் மாநகராட்சி மருத்துவமனையில். இந்த அறிவு இந்த நாட்டில் பொதுப் பணத்தில், அரசுச் சம்பளத்தில் பிறந்தது. பிறகு ஏன் அது குளிரூட்டிய தனியார் மாடிக்குக் குடிபோனது? 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் குழந்தையின்மைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. 2024-ல்தான் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறந்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் தென்கோடியில் களை பறிக்கிறவள் எழும்பூருக்கு எத்தனை தடவை ரயிலேறுவாள்?

கடைசியாக, ‘தத்தெடுத்துக்கலாமே, அதுதானே முற்போக்கு’ என்கிறார்கள். தத்தெடுப்பது நல்ல காரியம். அதை ஊர்த்தெருவில் போய்ச் சொல்லுங்கள். வம்சம், கோத்திரம், ரத்தம் என்று பேசுகிறவனுக்குச் சொல்லுங்கள். முற்போக்கு எல்லாம் எங்கள் வயிற்றில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? இன்னொரு சாரார், விஞ்ஞானமே அதிகாரம், உடலைக் கட்டுப்படுத்தும் சொல்லாடல் என்று எழுதுகிறார்கள். நானும் படித்திருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்திலும் அதிகாரம் இருந்தது, அதற்காகப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கதவைத் திற என்றோம். குளத்தில் தண்ணீர் எடுக்கப் போனோம். இதுவும் ஒரு குளம்தான்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையில் கருவை வளர்க்கவும் உறைய வைக்கவும் உருக்கவும் வசதி வேண்டும். சட்டம் சொன்ன பத்து வருசத்துக்கும் ஏழைப் பெண்ணின் கருவுக்குக் குளிர் வாடகை கேட்கக் கூடாது, தனியார் மையமானால் அதை அரசு கட்ட வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதிவு அட்டையிலிருந்து சாதிக் கட்டத்தை எடுக்க வேண்டும். கொடையாளியின் சாதியைக் கேட்பதும் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். முட்டை கொடுக்கும் பெண்ணின் உடம்புக்கு மையமே பொறுப்பேற்க வேண்டும். காசநோய்க்கு மாத்திரை கொடுக்கிற இடத்திலேயே பெண்களின் கருக்குழாயையும் பரிசோதிக்க வேண்டும். இவற்றுக்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

தோழர்களே, அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் நிலம், கல்வி, இட ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்பு எல்லாவற்றோடும் இதையும் ஒரு தீர்மானமாக எழுதுங்கள். ‘இதர கோரிக்கைகள்’ என்று கடைசியில் போடாதீர்கள். பிள்ளை வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் எப்போது என்பதும் எங்கள் பெண்கள் முடிவு செய்ய வேண்டியவை. வேண்டாம் என்று சொல்ல வைக்க இந்த நாடு எவ்வளவோ செலவு செய்திருக்கிறது. வேண்டும் என்று ஒருத்தி சொன்னால் அவளுக்குச் செலவு செய்ய இனி அது கற்றுக்கொள்ளட்டும்.